மூணு மிஸ்டு கால்

"விவசாயப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சுட்டார். இனி இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு இந்த ரூம்ல எனக்கு வேலை கிடையாது. தென்னையில சிவப்புக் கூன்வண்டு விழுந்தா என்ன செய்யணும்னு வேளாண்மை அலுவலர் பேசுறார். போன வாரமே பதிவு பண்ணினது, நான்தான் உக்காந்து அவரோட இருமலை எல்லாம் வெட்டி எடுத்தேன், பத்தொம்பது இருமல், அதனால எந்த நிமிஷத்துல என்ன சொல்வார்னு எனக்கு மனப்பாடம். பத்தரைக்கு வண்டு வரும், பத்து முப்பத்தெட்டுக்கு மரத்துல ஓட்டை தெரியும், நாப்பத்தஞ்சுக்கு பொறி வைப்பார், அம்பத்தஞ்சுக்கு நன்றி வணக்கம். அதுக்கப்புறம் இருக்கிற அஞ்சு நிமிஷம் என்னோடது. நேரம் சொல்லி, நாளைக்கு எந்தெந்தத் தெருவுல கரண்ட் இருக்காதுன்னு சொல்லி, காலை ஒலிபரப்பை முடிக்கணும். பதினேழு வருஷமா செய்யிற வேலை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாம சொல்லிடுவேன். ஆனா இன்னைக்கு அந்த அஞ்சு நிமிஷத்துல முன்னாடி என் கூட இதே மைக்குல பேசின ரஹ்மத்துகிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு இருக்கேன். எட்டு வருஷமாக் கேட்கணும்னு இருக்கேன்தான், ஆனா நாளைன்னைக்குக் காலையில திருச்சியில என் தொண்டையைத் திறக்கப் போறாங்க. குரல்வளையில ஒரு கட்டி, பட்டாணி அளவுகூட இல்ல, அதுக்கு இவ்வளவு அதிகாரம். ரெண்டு மாசம் கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாதாம். அதுக்கப்புறம் இதே குரல் இருக்குமான்னு கேட்டதுக்கு அந்த டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்துட்டு, பார்ப்போம்மான்னார். இந்தக் குரலாலதான் அவளை அடிச்சேன். வேற ஒரு குரலை வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டா அது யாரோ கேட்ட மாதிரி இருக்கும்.

இங்க மெஷினைப் பார்த்துக்கிற குணசீலன் இருந்திருந்தா ரெண்டு வார்த்தை பேசி மனசை ஆத்திக்கலாம். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருக்கான். செவ்வாய்க்கிழமை சந்தை, கடைத்தெருவைத் தாண்டி வர்றதுக்குள்ள பதினொண்ணு ஆயிடும். ஒரு வகையில நல்லதுதான். அன்னைக்கு அவன் இங்க இருந்ததாலதானே பேசினேன். சரி, அவன் மேல என்ன தப்பு, அவன் பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரை வச்சுக்கிட்டு ஏதோ நோண்டிக்கிட்டு இருந்தான், என் வாய்க்கு ஒரு காது வேணும், அவ்வளவுதான். ஃபேடர் கீழதான் இருக்கு. பார்த்தேன். மறுபடி பார்க்கிறேன். இந்த மேசையில வரிசையா இருக்கிற தள்ளுகட்டையில முதல்ல இருக்கிறது மைக்கோடது, மேல தள்ளினா நான் பேசுறது பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் போகும், கீழ இழுத்தா இந்த நாலு செவுத்தோட சரி. எட்டு வருஷமா நான் இதை மூணு தடவை அழுத்திப் பார்க்காம மூச்சுக்கூட விடுறது கிடையாது. குணசீலன் கேலி பண்ணுவான், அக்கா கேஸ் அடுப்பை அணைச்சுட்டு வந்தோமான்னு திரும்பித் திரும்பிப் போய்ப் பார்க்கிறவங்க மாதிரி ஆயிட்டீங்கன்னு. ஆயிட்டேன்தான். வாய் கொழுத்தவளுக்கு வேற என்ன மருந்து.

பன்னிரண்டு கிலோமீட்டர். தெக்கால ரைஸ் மில், வடக்கால ரயில்வே கேட்டு, மேற்கே பெரிய கம்மாய், கிழக்கே உப்பளத்து ரோடு வளையிற இடம். அதுக்கு மேல போனா கொர்ர்ர்னு இரைச்சல். என் பேர் தில்லைநாயகின்னு இந்த வட்டத்துக்குள்ள பால்காரர்ல இருந்து தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் தெரியும், வட்டத்தைத் தாண்டினா நான் பஸ்சுல நிக்கிற ஒரு பொம்பளை. கூட்டுறவு சங்கத்துல டைப்பிஸ்ட்டா இருந்தவ நான். சங்கத்துக் குடோனுக்கு மேல மாடியில வானொலி வைக்கப் போறோம், நம்ம ஊர் ஆளுங்களே பேசணும், யாராவது வாங்கன்னு கேட்டப்ப ஒருத்தரும் வரல. சும்மா ஒரு பேப்பரைக் குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். கீழ உர மூட்டை ஏத்திக்கிட்டு இருந்த ஆளுங்க நிமிர்ந்து பார்த்தாங்க. அன்னைக்குத்தான் எனக்குக் குரல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியும், முப்பத்தஞ்சு வயசுல. வீட்டுல அதுவரைக்கும் என்னை மெதுவாப் பேசுன்னுதான் சொல்லியிருக்காங்க. செவுத்துல முட்டை அட்டையையும் சாக்கையும் ஆணி வச்சு அடிச்சு, மழை பெய்ஞ்சா தகரத்துச் சத்தம் கேட்குதுன்னு நிகழ்ச்சியை நிறுத்தி, மைக் திறந்தா ஃபேனை அணைக்கணும்னு சித்திரை மாசத்துல வேர்த்து ஊத்தி, சும்மா சொல்லக்கூடாது, அந்த நாள் மாதிரி நான் என்னைக்கும் சந்தோஷமா இருந்ததில்ல. அதுல பாதி வானொலியால வந்த சந்தோஷம். பாதி ரஹ்மத்தால. பாதின்னு சொல்றது பொய். முக்கால்.

முப்பத்தெட்டு ஆயிடுச்சு, ஓட்டை வந்துடுச்சு. ஓட்டையில காதை வச்சுக் கேட்டா உள்ள புழு கடிக்கிற சத்தம் கேட்கும்கிறார். ரஹ்மத் இங்க முதல்ல வந்ததே சண்டை போடத்தான். ரேஷன் கடை காலையில திறக்கும்னு நான் தப்பா வாசிச்சுட்டேன், அவ தெருப் பொம்பளைங்க பூரா வெயில்ல நின்னுட்டாங்க. மாடி ஏறி வந்து, யாரு இங்க தில்லைநாயகின்னா. நான்தான்னேன். ஒங்க பேச்சை நம்பி ரெண்டு மணி நேரம் நின்னோம், எங்க காலை நீங்களா பிடிச்சு விடுவீங்கன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவளுக்கும் வந்துடுச்சு. இதையே மைக்குல வந்து சொல்லுங்கன்னேன், அடுத்த நாள் வந்து சொன்னா, ஊரே சிரிச்சுது, அதுக்கப்புறம் அவ போகவே இல்ல. ஒன்பது வருஷம். பத்தரை மணி அரட்டைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம், இன்னைக்கு என்ன குழம்பு, யார் வீட்டு ஆடு காணோம், எந்த பஸ் வரல, அவ்வளவுதான் விஷயம். நான் எழுதி வச்சு, வணக்கம் நேயர்களேன்னு சுத்தமா ஆரம்பிப்பேன். அவ எழுதினதைத் தொடவே மாட்டா. மைக்குகிட்ட வாயைக் கொண்டுபோய், "இருக்கீங்களா?"ன்னு கேட்பா. கேட்டுட்டுச் சும்மா இருப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு நொடி. ரேடியோவுல மூணு நொடி சத்தம் இல்லாம விடுறதுன்னா என்ன அர்த்தம், நிலையம் செத்துப் போச்சுன்னு நினைச்சுத் திருப்பிடுவாங்கடின்னு நான் தலையில அடிச்சுக்குவேன். அவ சொல்வா, ஒரு வீட்டுக்குள்ள நுழையிறப்ப ஆள் இருக்கான்னு கேட்டுட்டு அவங்க பதில் சொல்ற வரைக்கும் நிக்கமாட்டியா தில்லைன்னு. உண்மையாவே அடுப்படியில நின்னுக்கிட்டுப் பொம்பளைங்க இருக்கோம்னு பதில் சொன்னாங்களாம். என் அண்ணியே சொல்லியிருக்காங்க. நான் பேசுறப்ப என் வீட்டுக்காரங்களே அப்படிப் பதில் சொன்னது கிடையாது. அங்கதான் ஆரம்பிச்சுருக்கணும் எனக்குள்ள அந்த வண்டு. சே, இந்த மனுஷன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதே வருது.

போன் மேசை மேல இருக்கா? இருக்கு. மொகம் மேல பார்த்து இருக்கா? இருக்கு. எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட இதைக் கவுத்து வச்சதில்ல. பழைய பட்டன் போன், ரெண்டு எண் தேஞ்சு போச்சு, என் தம்பி மகள் அத்தை இதைத் தூக்கிப் போடுங்கன்னு புதுசு வாங்கிக் குடுத்தா, அதுல வீட்டுல பேசிக்கிறேன், ஆனா பழைய நம்பர் இதுலதான், இது இந்த மேசையை விட்டுப் போகாது. எனக்கும் ரஹ்மத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஒருத்தி தனியா நிகழ்ச்சி செய்யிற நாள்ல, மத்தவ வீட்டுல ரேடியோ போட்டுக் கேட்பா. இங்க உள்ள உக்காந்திருக்கிறவளுக்கு வெளியில எப்படிக் கேட்குதுன்னு தெரியாது, அதனால மிஸ்டு கால். ஒரு தடவை விட்டா நல்லா இருக்கு. ரெண்டு தடவை விட்டா சத்தம் வரல. மூணு தடவை விட்டா மைக் திறந்து கிடக்கு, வாயை மூடு. ரிங் சத்தம் மைக்குல போயிடும்னு போனை அதிர்ற மாதிரி வச்சிருப்போம், மேசை மேல டர்ர்னு ஒரு நடுக்கம், அவ்வளவுதான். எனக்கு அவ ஒரு தடவை விடுறது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அந்த டர்ர்ல முதுகை யாரோ தட்டிக் குடுத்த மாதிரி இருக்கும். ஊரே நல்லாருக்குன்னு சொன்னாலும் அது வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும். இப்ப வர்ற போன் எல்லாம் கம்பெனி போன். கடன் வேணுமா மேடம், மனை வேணுமா மேடம்.

அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். நான் தனியா இருந்தேன். காலையிலதான் டெல்லியில இருந்து கடுதாசி வந்திருந்துச்சு, நாடு பூரா இருக்கிற ஊர் வானொலிக்காரங்க கூடுறாங்களாம், ஒரு நிலையத்துக்கு ஒரு ஆள், எங்க நிலையத்துல இருந்து ரஹ்மத்துன்னிஸா வரணும்னு பேர் போட்டே எழுதியிருந்தாங்க. நேயர்கள் கடிதம் அவளுக்குத்தான் நிறையாம். கடுதாசியைப் பிரிச்சதே நான். வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. நிகழ்ச்சியில ஒரு பாட்டைப் போட்டேன், நாலரை நிமிஷப் பாட்டு. கோபத்துல பாட்டோட ஃபேடரை மேல தள்ளின கை மைக்கோடதைக் கீழ இழுக்க மறந்துடுச்சு. மைக் திறந்திருக்குன்னு ஞாபகத்துக்கு நாங்க போட்டு வைக்கிற சிவப்பு பல்பு, கதவுக்கு மேல, அப்ப மூணு வாரமா எரியல, மாத்துடா மாத்துடான்னு சொல்லியும் குணசீலன் மாத்தல. குணசீலன்கிட்ட சொன்னேன், அவளுக்கு என்னடா குரலு, பித்தளைச் சொம்பைத் தரையில இழுத்த மாதிரி, எழுதுறது நான், மண்டை காயுறது நான், அவ வந்து இருக்கீங்களா தின்னீங்களான்னு கேட்டா அவ பெரிய ஆளுன்னு. மேசையில போன் அதிர்ந்துச்சு. பாட்டு லிஸ்ட்டுக்கு அடியில கிடந்துச்சு, பார்க்கல. மறுபடி அதிர்ந்துச்சு. மறுபடி. எவனோ மிஸ்டு கால் விட்டே சாகுறான்னேன். சொல்லிட்டு, ஐயோ, சொல்லிட்டு அதுக்கப்புறம் அதைச் சொன்னேன். அவ புருஷன் சவுதியில இருந்து பெருநாளைக்கு வருவான் வருவான்னு ஊரையே ஏமாத்திக்கிட்டு இருக்கா, அவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டு மூணு வருஷமா ஒரு போன் பண்ணல, பாவம் பார்த்துத்தான் இவளைக் கூட வச்சிருக்கேன்னு. பாட்டு பின்னாடி மெதுவா ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் குரல் முன்னாடி, கணீர்னு.

அவ அதை என்கிட்ட சொன்னது இந்த நாற்காலியில உக்காந்துதான். இந்த ஃபேனுக்குக் கீழ. பெத்த தாய்க்குத் தெரியாது, பிள்ளைங்களுக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான் சொல்றேன் தில்லைன்னா. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி கையை நீட்டி ஃபேடர் கீழ இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டா. அந்தக் கைதான் எனக்குக் கண்ணு முன்னாடி வந்து வந்து நிக்குது. மருதாணி பாதி அழிஞ்ச விரல், நகத்துல நூல் சுத்தின தடம். எத்தனை ஜாக்கிரதை அவளுக்கு. எத்தனை அஜாக்கிரதை எனக்கு.

பொறி வச்சுட்டார். இன்னும் பத்து நிமிஷம். ஒலிபரப்பானது எல்லாத்தையும் மூணு மாசம் பதிவா வச்சிருக்கணும்னு விதி இருக்கு, அந்த நாலரை நிமிஷத்தை நான் அந்த மூணு மாசமும் கேட்டேன். ஒரு நாள் விடாம. அதுல போன் அதிர்றது கேட்கும். அந்தச் சொம்புப் பேச்சை நான் முடிச்ச உடனே ஒரு டர்ர். கொஞ்சம் விட்டு ஒண்ணு. இன்னும் கொஞ்சம் விட்டு ஒண்ணு. மூணாவது முடிஞ்சு ஆறு நொடி கழிச்சுத்தான் அவ புருஷன் பேச்சை எடுக்கிறேன். ஆறு நொடி. கையை நீட்டி போனை எடுத்துப் பார்க்க ஆறு நொடி போதாதா? ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலாம் அதுல. குடிச்சிருந்தாக்கூட வாய் மூடியிருக்கும். காய்ச்சலோட படுத்துக்கிட்டு, அவளை நான் சொம்புன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டே, போனைத் தேடி எடுத்து, எனக்கு மைக் திறந்திருக்குன்னு சொல்லியிருக்கா. ஒரு தடவை இல்ல, எண்ணி மூணு தடவை, ஏற்பாடு மாறாம. என்னைக் காப்பாத்தவா விட்டா, அவளைக் காப்பாத்திக்கவா விட்டா? இந்த ஒரு கேள்வியைச் செக்குமாடு மாதிரி எட்டு வருஷமா சுத்துறேன். அடுத்து எதைப் பேசுவேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சோ, என் நாக்கை அவளை விட யாருக்குத் தெரியும், அதனால பயந்து விட்டாளோ? இல்ல, தில்லை மானம் போகுதேன்னு விட்டாளோ? முதல் கால் எனக்காக, மூணாவது அவளுக்காகன்னு ஒரு நாள் தோணும். தலைகீழா இன்னொரு நாள். அவளைப் பார்த்துக் கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிடுவா, இல்ல அது எப்படித் தெரியும், ஒரு வார்த்தைகூட சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கலாம். சண்டை போட்டிருந்தா நல்லாயிருக்கும். மறுநாள் மாடி ஏறி வந்து, யாரு இங்க தில்லைநாயகின்னு கேட்டிருந்தா நான் காலுல விழுந்திருப்பேன். அவ வரல. ரூம் சாவியை மட்டும் குணசீலன்கிட்ட குடுத்து விட்டா. டெல்லிக்கும் போகல.

நான் போனேன். நாலாவது நாள் போனேன், அவ தெரு முக்கு வரைக்கும். குழாயடியில நின்ன பொம்பளைங்க என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துனாங்க, குடத்துல தண்ணி நிரம்பி வழியுது ஒருத்தியும் எடுக்கல. அந்த மொகத்தையெல்லாம் தாண்டிப் போற தெம்பு எனக்கு இல்ல. ஆனா அவ அதே மொகங்களைத் தாண்டித்தானே தினமும் தண்ணி பிடிச்சா? திரும்பி வந்துட்டேன். அடுத்த வாரம் போகலாம்னு நினைச்சேன், அடுத்த மாசம், நோன்பு முடியட்டும், மழை விடட்டும். அப்படியே இறுகிப் போச்சு. அவ அந்தத் தெருவுலேயே தையல் கடை போட்டா. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டு வளர்மதிகிட்ட ஒரு ஜாக்கெட் துணி குடுத்து, உன்னோடதுன்னு சொல்லித் தைச்சு வாங்கிட்டு வான்னேன். அளவுக்கு என் பழைய ஜாக்கெட்டைக் குடுத்தேன், இளைக்கிறதுக்கு முன்னாடி தைச்சது, தொளதொளன்னு இருக்கும். தைச்சு வந்தது எனக்குக் கச்சிதமா இருந்துச்சு. அளவுக்குக் குடுத்த மாதிரி இல்ல, எனக்கு எப்படி வேணுமோ அப்படி. நான் இளைச்சது அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ பார்த்திருக்கா. இல்ல, தையக்காரி கணக்குல ஏதோ பிடிச்சு விட்டிருக்கா, வளர்மதி ஒல்லிதானே, அவளுக்குன்னு நினைச்சுத் தைச்சிருப்பா. வளர்மதிகிட்ட, கடையில ரேடியோ ஓடுச்சாடின்னு கேட்டேன். ஓடுச்சுக்கான்னா. எந்த ரேடியோடி? ஏதோ சினிமாப் பாட்டுக்கான்னா. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அறைஞ்சிருப்பேன். எந்த ரேடியோன்னு கவனிக்காம ஒரு பொம்பளை எப்படி ஒரு கடையில நிக்க முடியும்? அந்த ஜாக்கெட்டைத்தான் இன்னைக்குப் போட்டுருக்கேன்.

எனக்கு அவ வேணும். வேற ஒண்ணும் இல்ல. எனக்குப் பக்கத்துல இந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியால என் முட்டியை இடிச்சு, எழுதி வச்ச தாளைக் கவுத்துப் போட்டுட்டு, இருக்கீங்களான்னு அவ கேட்கிறதைக் கேட்கணும். அந்த மூணு நொடி நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊரு பதில் சொல்லுதான்னு கேட்கணும். அது நடக்காது, தெரியும். மன்னிப்பையாவது சொல்லிடணும். ஆனா எப்படிச் சொல்றது? காலையில இருந்து இதுதான் உள்ள சிக்கிக்கிட்டு இருக்கு. பேரைச் சொல்லாம சொன்னா, ஒரு தோழிகிட்ட மன்னிப்புன்னு சொன்னா, அவளுக்கு அது யாருக்கோ சொன்ன மாதிரி ஆயிடும். பேரைச் சொன்னா, ஊரு மறந்து போனதை நானே தோண்டி எடுத்து வச்ச மாதிரி ஆயிடும், ஓ அந்தப் புருஷன் விட்டுட்டுப் போன ரஹ்மத்தான்னு மறுபடி குழாயடி பூரா. அவ மக கட்டிக் குடுக்கிற வயசுல நிக்கிறா. சரி, பேரை மட்டும் சொல்றேன், விஷயத்தைச் சொல்லல. ரெண்டே வரி. எழுதிக்கூட வச்சிருக்கேன் பாருங்க, கரண்ட் கட் தாளுக்குப் பின்னால. ரஹ்மத்து, நான் பேசினது தப்பு, என்னை மன்னிச்சிடு. இதுக்கு மேல ஒரு எழுத்துக்கூடப் பேசக்கூடாது தில்லை. அவ கேட்டாலும் சரி, ரேடியோவை அணைச்சு வச்சிருந்தாலும் சரி. இல்ல, சரியில்ல. அணைச்சு வச்சிருந்தா நான் என்ன செய்வேன்? எட்டு வருஷமா அவ கேட்கிறான்னு நினைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் இந்த மைக்குல பேசுறேன். கூன்வண்டா இருந்தாலும் கரண்ட் கட்டா இருந்தாலும் அவளுக்குத்தான் வாசிக்கிறேன். அவ ஒரு நாளும் கேட்கலைன்னா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?

நன்றி வணக்கம் சொல்லிட்டார். எழுந்து ஃபேனை அணைச்சேன். சிவப்பு பல்பைப் போட்டேன், இப்ப புது பல்பு, ரத்தமா எரியுது. போனைப் பார்த்தேன், சிக்னல் இருக்கா, இருக்கு, மேசை ஓரத்துல நேரா வச்சேன். காதுல மாட்டுற ஹெட்போனோட பிளக்கை உருவிட்டேன், இந்தக் கரகரப்பை நானே கேட்கச் சகிக்கல, மூணு மாசமா இதை மாட்டாமத்தான் பேசுறேன். தாளைக் கையில எடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

"ரஹ்மத்து, நான் பேசினது தப்பு, என்னை மன்னிச்சிடு."

அங்க நிறுத்தியிருக்கணும். இந்த வாய் ஒரு தடவை திறந்தா என்னைக்கு நின்னிருக்கு? உன் குரல் மாதிரி ஒரு குரல் இந்த ஊர்ல கிடையாதுடின்னேன். டெல்லிக்குப் போக வேண்டியது நீதான், நான் பொறாமை பிடிச்சவ, என் வயித்தெரிச்சல்லதான் உன் புருஷன் கதையை ஊர் பூரா வாந்தி எடுத்தேன், அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டதுக்கு நீ என்னடி பண்ணுவே, நீ என்னை நம்பிச் சொன்னே, ஃபேடரைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொன்னே. அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தது அத்தனையும் சொல்லிட்டேன்னு எனக்குத் தெரியுது, ஐயோ மறுபடியும் அதே வாய், அதே ஊரு, நிறுத்துடி நிறுத்துடின்னு உள்ள ஒருத்தி கத்துறா, நிறுத்த முடியல. மூணு தடவை விட்டியேடி, எதுக்குடி விட்டே, எனக்காகவா உனக்காகவான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், மேசை அதிர்ந்துச்சு.

டர்ர்.

வாய் நின்னுச்சு. கண்ணைத் திறந்தேன். போன் வெளிச்சம் அணைஞ்சு போச்சு, அதுக்குள்ள பேரைப் பார்த்துட்டேன். ரஹ்மத்துன்னுதான் இன்னும் போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு. ஒண்ணுன்னா நல்லா இருக்கு. கேட்டுட்டா. எல்லாத்தையும் கேட்டுட்டு நல்லா இருக்குங்கிறா, என்னை மன்னிச்சுட்டா. மறுபடி அதிர்ந்துச்சு. டர்ர். ரெண்டு. மூணாவது வருமான்னு பார்த்தேன், மைக் திறந்துதானே இருக்கு, அது எனக்கே தெரியுமே, வாயை மூடுங்கிறாளா? போன் சும்மா கிடந்துச்சு. வரல. ரெண்டு. ரெண்டுன்னா என்ன? ரெண்டுன்னா என்னன்னு எனக்கு மறந்தா போகும். மெதுவா திரும்பிப் பார்த்தேன். பல்பு சிவப்பா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஃபேடர் கீழ கிடக்கு. நான் மூணு தடவை அழுத்தி வச்ச இடத்துலேயே கிடக்கு, கொஞ்சம்கூட நகரல.

ஒரு வார்த்தை வெளிய போகல. சுவர்க் கடிகாரத்துல பத்து அம்பத்தெட்டு. மூணு நிமிஷமா பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் சத்தமே இல்ல. ஊருல எவனுக்கும் ஒண்ணும் கேட்கல, அவ புருஷன் கதை மறுபடி இந்த முட்டை அட்டைக்குள்ளேயே அடங்கிப் போச்சு, அல்லா காப்பாத்தினான்னு அவ பாஷையிலேயே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேன். அவ தையல் மிஷினை நிறுத்திட்டு, என்ன ஆச்சு இவளுக்கு, சத்தம் வரலையேன்னு போனை எடுத்திருக்கா. எட்டு வருஷம் கழிச்சு எடுத்திருக்கா. அப்ப அவ ரேடியோ ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, கூன்வண்டு முடிஞ்சு நான் வருவேன்னு தெரிஞ்சு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இன்னைக்கு மட்டும் போட்டாளா, தினமும் போட்டாளா? பேசாம இரு தில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில துடைச்சேன். ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன். கரண்ட் கட் தாளைக் கவுத்துப் போட்டேன். ஃபேடரை விரலால பிடிச்சு, அது போற தூரம் பூரா பார்த்துக்கிட்டே, கடைசி வரைக்கும் மேல தள்ளினேன்.

"இருக்கியா?"ன்னேன்.

கேட்டுட்டுச் சும்மா இருந்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு நொடி. ஊரு என்ன நினைச்சுதோ தெரியாது, நினைக்கட்டும்.

மேசை அதிர்ந்துச்சு. நான் போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டாவது வரல.